புணையும் தோணியும்

பெண்பிள்ளைகள் மூவரைப் பெற்ற ஒருவர் மூவரையும் மணஞ்செய்து கொடுத்து முடித்தபின், 'மூன்று பெண்களையும் கரைசேர்த்துவிட்டார்' என்று ஊரார் பேசிக்கொள்வர். பேசுவோர் கவிஞர் அல்லர். அணி ஒன்றை அமைக்கவேண்டும் என்ற நினைவும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் அச் சிறு தொடரினுள் ஒரு முழுக் காட்சி அடங்கிக் கிடக்கின்றது. மணமாகாத பெண் நீரின் நடுவே நிற்கின்றாள். தகப்பன் தோணிக்காரன். சீதனமும் சாதகப் பொருத்தமும் தரகர் வரவும் அலைகள். மணவறை கரை. கரையை அடைந்தபின் அவளுக்கு என்ன நேரும் என்பதைப்பற்றி அத்தொடர் ஒன்றுமே கூறுவதில்லை. கரையேறியவர்க்குக் கடலின் கதை முடிந்தது என்பதே அதன் உட்கிடை. மணத்தின் பின்னரே பல பெண்களுக்குக் கடல் தொடங்குகின்றது என்ற உண்மையை இவ்வுருவகம் காணவொட்டாது மறைத்துவிடுகின்றது.

அன்றாடப் பேச்சில் இவ்வாறு ஒளிந்து கிடக்கும் உருவகங்களைப் பேராராய்ச்சிக்கு உரியனவாக ஆக்கியவர்கள் அமெரிக்க அறிஞர்களாகிய ஜோர்ஜ் லேக்கோவும் மார்க் ஜோன்சனும் ஆவர். 1980ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலில், உருவகம் என்பது பேச்சுக்குப் பூட்டப்படும் நகையன்று, மனிதன் நினைக்கும் முறையிலேயே அது கலந்து நிற்பது என வாதித்தனர். வாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மற்றவரை வாதத்தில் மடக்குகின்றார். அவர் கொள்கையைத் தகர்க்கின்றார். மற்றவர் தம் நிலையைக் காத்து நிற்கின்றார். எல்லாம் போர்க்களத்துச் சொற்கள். வாதத்தைப் போராகக் காணும் பழக்கம் சொல்லுக்கு முன்னரே எண்ணத்தில் ஊறிவிட்டமையால், வாதிப்போர் மெய்யாகவே பகைவரைப்போல நடந்துகொள்ளவும் செய்கின்றனர். இவ்வாறு ஒரு பொருளை வேறொரு பொருளின் வாயிலாக விளங்கிக்கொள்ளும் எண்ணப் பழக்கத்தைக் கருத்துருவகம் எனத் தமிழில் வழங்கலாம். பின்னர் 1989இல் லேக்கோவ், மார்க் ரேணர் என்பவருடன் சேர்ந்து கவிதையை ஆராய்ந்து மற்றொரு நூல் எழுதினார். கவிஞர் கையாளும் அடிப்படை உருவகங்கள் பெரும்பாலும் ஊரார் பேச்சில் உள்ளவையே. கவிஞர் அவற்றை நீட்டுவர், நிரப்புவர், ஒன்றோடொன்று கலப்பர், சிலவேளை அவற்றையே கேள்விக்கு உள்ளாக்குவர் என்பது அந்நூலின் சாரம்.

தமிழ் மாணவர்க்கு இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். மதிபோன்ற முகம் என்பது உவமை, முகமதி என்பது உருவகம் என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துக் கற்றவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணலாமோ? அணியிலக்கணத்தில் அப்பிரிவு வேண்டியதே. தண்டியலங்காரம் இரண்டையும் வெவ்வேறு அணிகளாக வகுத்துள்ளது. தொல்காப்பியரோ வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக உவமம் பிறக்குமென்று கூறி உவமவியலை அமைத்தாரேயன்றி, உருவகத்திற்கெனத் தனியியல் வகுத்தாரல்லர். உவமவுருபு வெளிப்பட்டு நின்றாலும் மறைந்து நின்றாலும் அடியிலுள்ள எண்ணம் ஒன்றே. வாழ்க்கையைப்பற்றிய எண்ணத்தைத் தேடுவோர்க்கு உருபு பெரிதன்று. எது எதனோடு பொருத்தப்பட்டது, எது பொருத்தப்படாமல் விடப்பட்டது என்பனவே பெரியவை.

வாழ்க்கையை நீர்மேற் செல்லும் செலவாகக் காணும் எண்ணம் தமிழில் மிகப் பழையது. கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாட்டு அதன் தொடக்கத்தினால் உலகப் புகழ் பெற்றது. அத்தொடக்கத்தை மேடைதோறும் முழங்குவோர் பாட்டின் நடுவிலுள்ள ஆற்றைக் காணாமலே தாண்டிப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. பாட்டின் உயிர்நிலை அந்த ஆற்றிலேதான் உள்ளது. மின்னலுடன் மழை பெய்கின்றது. பெய்த நீர் பேராறாகிக் கற்களோடு பொருது இரைந்து செல்கின்றது. அந்நீரின் போக்கிலே ஒரு புணை போகின்றது. உயிர் ஒரு முறைக்கு உட்பட்டுச் செல்வதும் அத்தகையதே என்று தெளிந்தவர்கள் கண்டு கூறியதால் தாமும் அறிந்துகொண்டதாகப் புலவர் சொல்கின்றார். முறை என்பதை ஊழ் எனக் கொள்வர்.

புணை என்பது கட்டைகளையோ மூங்கில்களையோ பிணைத்துக் கட்டிய மிதப்பு. அதற்குப் பாய் இல்லை, சுக்கான் இல்லை. புலவர் அதன்மேல் ஓர் ஆளையும் ஏற்றவில்லை, ஒரு கோலையும் வைக்கவில்லை. இந்த இன்மையே அவர் சொல்ல வந்த கருத்துக்கு வழி செய்கின்றது. ஆற்றிலே ஒரு புணை முன்னே போகலாம், மற்றொன்று சுழியில் அகப்பட்டுப் பின்தங்கலாம். முன்னே போவது புணையின் பெருமையன்று. பின்தங்குவது அதன் இழிவுமன்று. ஆதலினால்தான் பெரியோரைக் கண்டு வியத்தலும் இலம் என்றும், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்றும் பாட்டு முடிகின்றது. புணைக்குப் பதிலாக மலையேறும் ஒருவனைப் புலவர் உவமையாக்கியிருந்தால் இம்முடிவு வந்திராது. உச்சியில் நிற்பவனை வியக்கவும் அடிவாரத்தில் இருந்துவிட்டவனை இகழவும் மலை இடங்கொடுக்கும், ஆறு இடங்கொடாது.

ஆயினும் இப்பாட்டிலே ஒரு முடிச்சு உண்டு. நன்றும் தீதும் பிறரால் வருவனவல்ல என்று முற்பகுதியில் உரைத்தவரே, பிற்பகுதியில் உயிரை நீரின் போக்கிலே விட்டுவிடுகின்றார். தீமை பிறர் தந்ததன்று என்றால் பொறுப்பு நம்முடையதாகின்றது. ஆறு இழுத்துச் செல்கின்றது என்றால் பொறுப்பு எங்கே நின்றது? ஊழ் என்பது பண்டு ஒருவன் செய்த வினையின் பயனே ஆதலின் முரண் இல்லை என்பது ஒரு விடை. உருவகத்தின் இயல்பை நோக்குவோர் வேறொரு விடையும் கூறலாம். எவ்வுருவகமும் பொருள் முழுவதையும் மூடுவதில்லை. ஆறு, ஒருவன் எங்கே கொண்டுபோகப்படுகின்றான் என்பதை மட்டும் காட்டுகின்றது. அவன் என்ன செய்கின்றான் என்பதைக் காட்ட அதற்கு வகையில்லை. அதனைப் பாட்டின் முற்பகுதி உருவகம் எதுவுமின்றி நேராகவே கூறிவிட்டது.

ஆறு கடலாக மாறும்போது எண்ணமும் மாறிவிடுகின்றது. திருக்குறளின் கடவுள் வாழ்த்திலே பிறவி பெருங்கடலாகக் காட்டப்படுகின்றது. ஆற்றில் விழுந்தவன் எங்கேனும் போய்ச் சேர்வான். கடலில் விழுந்தவன் தானாக எங்கும் சேரான். அவன் நீந்தவேண்டும். நீந்துதல் என்ற வினை வந்தவுடனே முயற்சியும் வந்துவிடுகின்றது. கரை என்ற குறிக்கோளும் வந்துவிடுகின்றது. கரை காணாமல் அழுந்துவோரும் வந்துவிடுகின்றனர். 8ஆம் குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர் இங்கே ஒரு நுட்பத்தைச் சுட்டுகின்றார். அக்குறளில் பொருளும் இன்பமுமாகிய கடல்கள் சொல்லப்படுகின்றன. இறைவன் தாளும் சொல்லப்படுகின்றது. புணை என்ற சொல் குறளிலே இல்லை. பரிமேலழகரோ தாளாகிய புணை என்று விரித்து, இஃது ஏகதேச உருவகம் என்கின்றார். ஒன்றை உருவகித்து, அதனோடு இயைந்த மற்றொன்றைக் கேட்போர் தாமே உருவகித்துக்கொள்ள விட்டுவிடுவது ஏகதேச உருவகம். கேட்போர் உள்ளத்தில் அவ்வுருவகத்தின் முழு உருவும் முன்னரே இருந்தாலன்றி, விடப்பட்ட உறுப்பை அவர்கள் நிரப்பிக்கொள்ள முடியாதன்றோ! 1980களில் மேல்நாட்டில் விரித்துரைக்கப்பட்ட கொள்கையின் ஒரு வேர் நம் பழைய உரையாசிரியர் கையில் அணியின் பெயராகவே கிடந்தது என்று கூறுவது மிகையாகாது.

இதற்கு மற்றுமோர் அழகிய சான்று திருநாவுக்கரசர் தேவாரத்தில் உண்டு. 7ஆம் நூற்றாண்டினராகிய அவர் கடற்கரைத் தலமாகிய திருவொற்றியூரிலே பாடிய திருநேரிசைப் பாட்டு ஒன்றில், மனம் தோணியாகின்றது, அறிவு ஊன்றுகோலாகின்றது, சினம் ஏற்றிய சரக்காகின்றது, மதன் என்னும் பாறையிலே மோதித் தோணி கவிழ்கின்றது. மதன் என்பதைக் காமம் எனினும் செருக்கு எனினும் பொருந்தும். கவிழும் அந்த நேரத்திலே இறைவனை நினைக்க இயலாது. ஆகவே நினைக்கும் உணர்வை நல்கவேண்டும் என்பது வேண்டுகோள். தோணி, கோல், சரக்கு, பாறை என ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டிய நாவுக்கரசர், கடல் இன்னது என்று மட்டும் சொல்லவில்லை. கேட்போர் அறிவர் என விட்டுவிட்டார்.

பூங்குன்றனாரின் புணையையும் இத்தோணியையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். புறப்பாட்டிலே பாறையோடு பொருவது ஆறு. தேவாரத்திலே பாறையில் மோதுவது தோணி. புணையில் கோல் இல்லை. தோணியில் கோல் உண்டு, சரக்கும் உண்டு. அச்சரக்கை ஏற்றியவனும் அவனே. எனவே கவிழ்ந்தால் கடலைக் குறைசொல்ல வழியில்லை. அறிவாகிய கோல் கையில் இருந்தும் தோணி கவிழ்கின்றது என்பதுதான் இப்பாட்டின் துயரம். கோல் ஆழமில்லா நீரிலே ஊன்றுதற்கு உதவும்; நடுக்கடலில் அதனால் என்ன பயன் என்று ஒரு மீனவன் கேட்கக்கூடும். நாவுக்கரசர் அதையும் எண்ணியே கோலைத் தேர்ந்தார் போலும். கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட அவருக்குக் கல்லே மிதப்பாயிற்று என்று சேக்கிழார் பாடும் வரலாற்றையும் நினைத்துக்கொண்டால், பாறை என்ற சொல் இன்னும் கனக்கின்றது.

நீரை விட்டு இனிப் பறவைக்கு வருவோம். உருவகத்தில் ஒரு பொருளைத் தேர்வது எத்துணைப் பொறுப்புள்ள செயல் என்பதற்குத் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தைப்போல வேறொரு சான்று காண்பது அரிது. 338ஆம் குறள், உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பைக் குடம்பையைத் தனியே விட்டுப் பறந்துபோன புள்ளின் செயலோடு ஒப்பிடுகின்றது. குடம்பை என்பது யாது? கூடு என்றனர் சிலர். முட்டை என்றார் பரிமேலழகர். கூடு ஏன் ஆகாது என்பதற்கு அவர் காட்டும் காரணம் கூர்மையானது. கூடு புள்ளுடன் பிறப்பதில்லை. புள் அதனுள் மீண்டும் வந்து புகும். உடம்போ உயிருடன் தோன்றுவது. நீங்கிய உயிர் அதனுள் மீண்டும் புகாது. ஆகவே கூடு உடம்புக்கு உவமையாகாது, முட்டையே ஆகும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. கூடு எனக் கொண்டால், உடம்பு பறவை தன் அலகினாலே சுள்ளி பொறுக்கிக் கட்டிய வீடு. காலையில் இரைதேடப் போகும், மாலையில் மீளும். மரணம் மீளாத ஒரு மாலைப்பொழுது. முட்டை எனக் கொண்டால், உடம்பு பறவை கட்டியதன்று. அதனைப் பொதிந்து காத்த ஓடு. ஓட்டை உடைத்தல் அழிவன்று, வளர்ச்சி. பருவம் வந்த குஞ்சு ஓட்டினுள் இருக்க இயலாது. இந்த இரண்டாவது எண்ணத்தில் ஒருவகை ஆறுதல் உண்டு என்று தோன்றும். ஆனால் குறள் நடுவில் வைப்பது பறவை பறந்துபோன வானத்தையன்று, தனித்துக் கிடக்கும் ஓட்டை. நட்பு என்ற சொல்லையும் வைத்துவிட்டது. இத்துணைக் காலம் ஒட்டியிருந்தது இவ்வளவுதானா என்ற கசப்பு அச்சொல்லிலே உள்ளது.

நம்மூர்ச் செத்தவீடுகளிலே பேசுவோர் பரிமேலழகரைப் பின்பற்றவில்லை. உயிர் கூட்டை விட்டுப் போயிற்று என்றே அவர்கள் சொல்வர். இலக்கணப் பொருத்தத்தை நோக்கினால் பரிமேலழகர் சொல்வதே சரி. ஆயினும் இழந்தவர்க்கு முட்டை வேண்டியதில்லை. கூட்டுக்குப் பறவை திரும்பும் என்ற பொருந்தாத அந்த ஒரு கூறே அவர்களுக்கு வேண்டியது. பொருந்தும் கூறுகளால் அறிவுக்கு உதவும் உருவகம், பொருந்தாத கூற்றினால் நெஞ்சுக்கு உதவுதலும் உண்டு.

அதே அதிகாரத்தின் முடிவிலே, 340ஆம் குறளில், உடம்பு முட்டையும் அன்று, கூடும் அன்று. பிறர் வீட்டின் ஓர் ஒதுக்குப்புறம். அதிலே ஒண்டியிருக்கும் உயிருக்கு நிலையான வீடு ஒன்று இன்னும் அமையவில்லையோ என்று குறள் வினவுகின்றது. உயிரோடு பிறந்த ஓடு இரண்டு குறள்களுக்குள் இரவல் இடமாகிவிட்டது. முன்னதும் பின்னதும் ஒன்றையொன்று மறுக்கின்றன; வாசகர் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. ஒரு பொருளைப்பற்றி மக்கள் பல உருவகங்களை வைத்துக்கொண்டு வேண்டியபோது வேண்டியதை எடுத்தாளுகின்றனர் என்று லேக்கோவும் ரேணரும் கூறியதற்கு இவ்வதிகாரமே போதிய சான்று. உறங்கி விழித்தல் இறப்புக்கும் பிறப்புக்கும் உவமையாவதும், நாள் என்பது உயிரை ஈர்ந்துகொண்டு போகும் வாளாவதும் இதன்கண்ணேதான்.

கூத்தும் இங்கு உண்டு. வாழ்க்கையை நாடகமாகக் காணும் உருவகத்தைச் சொன்னவுடன் கற்றோர் பலருக்குச் சேக்ஸ்பியர் நினைவுக்கு வருவார். 'அஸ் யூ லைக் இற்' என்னும் அவர் நாடகத்திலே ஜேக்குவிஸ் என்னும் பாத்திரம், உலகை அரங்காகவும் மாந்தரை நடிகராகவும் கண்டு, மனிதப் பருவங்களை ஏழாக வகுத்துக் காட்டுகின்றது. புறநானூற்று 29ஆம் பாட்டிலே முதுகண்ணன் சாத்தனாரும், விழாவில் ஆடுவோர் முறைமுறையாக வந்து நீங்குவதுபோல இவ்வுலகத்தில் மாந்தர் கழிவர் என்று சோழன் நலங்கிள்ளிக்கு உரைக்கின்றார். இருவர் கண்ணும் ஆடுவோர் மேலேயே நிற்கின்றது. 332ஆம் குறள் அரங்கை நோக்கவேயில்லை. திரும்பி அவையை நோக்குகின்றது. பெருஞ்செல்வம் வருவது கூத்துப் பார்க்கக் கூட்டம் சேர்வதுபோல. போவது அக்கூட்டம் கலைவதுபோல. மட்டக்களப்பிலோ மன்னாரிலோ விடியுமட்டும் கூத்துப் பார்த்தவர்க்கு இதன் உண்மை உடனே விளங்கும். மாலையிலே ஒருவர் இருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்வர். விடிகாலையில் கூத்து முடிந்ததும் களரியைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஒரே மூலத்திலிருந்து சேக்ஸ்பியர் எடுத்த கூறு நடிப்பு; குறள் எடுத்தது கலைதல்.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வுருவகங்கள் புதிய திசையில் செல்கின்றன. 1882இல் பிறந்து 1921இல் மறைந்த பாரதியார், தம்மை வீணையாகக் கண்ட பாட்டை அறியாத தமிழர் இலர். வீணையைச் செய்தவர் அதனைப் புழுதியில் எறியலாமா என்று அவர் சிவசக்தியை வினவுகின்றார். இங்கே கடப்பதற்குக் கடல் இல்லை. அடைவதற்குக் கரையும் இல்லை. வாழ்க்கை கருவியாகிவிட்டது. கருவிக்கு நேரும் துன்பம் அழுந்துதலன்று, பயன்படாமற் கிடத்தல். பிறவியை ஒழிக்கவேண்டும் என்ற பழைய வேண்டுகோளின் இடத்திலே, இப்பிறவியை இந்நிலத்துக்கு உதவும்படி ஆக்கவேண்டும் என்ற வேண்டுகோள் வந்து நிற்பதற்கு இம்மாற்றமே வாயில்.

கடலும் மறைந்துபோய்விடவில்லை. 1927இல் அளவெட்டியிலே பிறந்து 1971இல் மறைந்த ஈழத்துக் கவிஞர் மஹாகவி, இயற்பெயரால் து. உருத்திரமூர்த்தி, மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 'புதியதொரு வீடு' என்னும் பா நாடகத்தை எழுதினார். அதில் வரும் பாட்டொன்றிலே கரைமணலில் நண்டொன்று கோடிழுத்துச் சித்திரம் போடுகின்றது. சிலவேளை கடல் வந்து அதனை அழித்துவிடுகின்றது. வாழ்க்கையென்று ஒரு சொல்லும் அங்கே இல்லை. ஏகதேசமும் இல்லை; உருவகிக்கப்பட்ட பொருள் முழுவதுமே கேட்போர் நிரப்பிக்கொள்ள விடப்பட்டுள்ளது. அதற்கு அடுத்தாற்போலவே ஒரு பெண் வருகின்றாள். கடலுக்குப் போகும் கணவனுக்குச் சோற்றுப் பொதியைக் கொடுக்கும்போதும் அவள் முகத்தில் கடலைப்பற்றிய அச்சம் தெரிகின்றது.

குறளின் கடலும் தேவாரத்தின் கடலும் ஒருமுறை கடந்துவிட்டால் மீளவேண்டாத கடல்கள். மீனவன் கடலோ நாள்தோறும் போய் நாள்தோறும் மீளவேண்டிய கடல். அவனுக்கு அது பிறவித் துன்பமன்று, தொழில். ஒருநாள் அவனைக் கொண்டு போகவும் கூடியது அதுவே. அவன் பிள்ளைகளுக்கு மறுநாட் சோறு வருவதும் அதிலிருந்தே. மஹாகவியின் பாட்டில் அக்கரை என்று ஓரிடம் இல்லை. நண்டு கீறியதும் இக்கரையில். அப்பெண் பொதியைக் கொடுத்துவிட்டு நிற்பதும் இக்கரையில். அவன் மீண்டு வந்து தோணியை இழுத்தேற்ற வேண்டியதும் அவள் நிற்கும் அதே மணலில்.